ஊசி போடுவதற்கு முந்தைய அரை மணி நேரம்: இரத்ததானத்தில் மயக்கம் ஏன் வருகிறது, எப்படித் தடுப்பது

காட்பாடிப் பக்கம் ஒரு கல்லூரி அரங்கில் சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் நடத்திய இரத்ததான முகாமில், முதன்முறையாக இரத்தம் கொடுத்த மாணவர் ஒருவர் கட்டிலை விட்டு இறங்கி, பத்தடி நடந்து, பழச்சாறு வைத்திருந்த மேசையருகே வந்து நின்றார். "அண்ணா, ஒரு மாதிரியா இருக்குதுண்ணா" என்று என்னிடம் சொல்ல வாயெடுத்தவர், சொல்லி முடிப்பதற்குள் சரிந்தார். மேசை விளிம்பு புருவத்தில் பட்டு இரண்டு தையல் போட வேண்டியதாயிற்று. நண்பர்கள் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி அவரை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ஒருவர் முகத்தில் தண்ணீர் தெளித்தார். இன்னொருவர் சோடா வாங்க ஓடினார். உட்கார வைத்த சில நொடிகளில் அவருடைய கைகால்கள் வெட்டி இழுத்தன. வலிப்பு என்று நினைத்து யாரோ வண்டிச் சாவிக்கொத்தை அவர் உள்ளங்கையில் திணித்தார்கள். இதையெல்லாம் வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருந்த இரண்டு மாணவியர், ஊசியே போடாத நிலையில், முகம் வெளுத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

அன்று மாலை முகாமை மூட்டை கட்டும்போதுதான், நடந்தவற்றில் பெரும்பகுதி தவிர்த்திருக்கக்கூடியது என்பது எங்களுக்கு உறைத்தது. அந்த மாணவர் காலையில் சாப்பிட்டது ஒரு டீயும் இரண்டு பிஸ்கட்டும். தகரக் கொட்டகையின் கீழ் ஒன்றரை மணி நேரம் காத்திருந்திருக்கிறார். பை நிறைந்து ஊசியை எடுத்ததும், அடுத்தவர் காத்திருக்கிறாரே என்று தாமாகவே அவசரமாக எழுந்திருக்கிறார். பழச்சாறு, பிஸ்கட், வாழைப்பழம், சான்றிதழ் என்று நாங்கள் பார்த்துப் பார்த்து வாங்கி வைத்திருந்தவை எல்லாம் இரத்தம் கொடுத்த பிறகு தரவேண்டியவை. கொடுப்பதற்கு முன் அவருக்கு நாங்கள் கொடுத்தது ஒரு படிவமும் பேனாவும் மட்டுமே. மயக்கத்தைத் தடுக்கும் வேலையில் பெரும்பங்கு ஊசி போடுவதற்கு முந்தைய நேரத்தில் இருக்கிறது என்பதைச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். யாராவது மயங்கி விழுந்தால் "உடம்பில் ரத்தம் இல்லை, அதான் விழுந்துட்டான்" என்று சொல்வது நம் பக்கத்துப் பழக்கம். ஹீமோகுளோபின் குறைவு வேறு, இரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவது வேறு. கொடையாளர் மயங்குவது பெரும்பாலும் இரண்டாவது காரணத்தால். பதினான்கு கிராம் ஹீமோகுளோபின் உள்ள, கபடி ஆடும் இளைஞரும் விழுவார். அது உடலின் அனிச்சைச் செயல். அதற்கும் தைரியத்துக்கும் தொடர்பில்லை.

நாம் படுத்த நிலையிலிருந்து எழுந்து நிற்கும்போது, அரை லிட்டருக்கும் மேற்பட்ட இரத்தம் கால்களிலும் வயிற்றுப் பகுதியிலும் தேங்குகிறது. கழுத்துத் தமனியிலும் இதயத்தை ஒட்டிய பெருந்தமனியிலும் உள்ள அழுத்த உணரிகள் இதைக் கண்டுகொண்டு மூளைக்குச் செய்தி அனுப்ப, இதயம் வேகமாகத் துடிக்கிறது, இரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன, மூளைக்குப் போகும் இரத்தம் குறையாமல் காக்கப்படுகிறது. 350 மில்லி இரத்தம் வெளியேறிய பிறகும் இதே ஏற்பாடுதான் கொடையாளரைத் தாங்குகிறது. ஆனால் சிலருக்கு, ஒரு கட்டத்தில் இந்த ஏற்பாடு தலைகீழாகத் திரும்பிவிடுகிறது: மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்கும் வேகஸ் நரம்பு இதயத் துடிப்பை மந்தமாக்குகிறது; சுருங்கியிருந்த குழாய்கள் விரிந்துகொடுக்கின்றன; அழுத்தம் விழுகிறது; மூளைக்கு இரத்தம் எட்டாமல் நினைவு தப்புகிறது. 1932-இல் பிரிட்டிஷ் இதய மருத்துவர் தாமஸ் லூயிஸ் இதற்கு வேசோவேகல் மயக்கம் என்று பெயரிட்டார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பார்கிராஃப்ட், எடோம் உள்ளிட்ட ஆய்வாளர்கள் தன்னார்வலர்களிடம் இரத்தம் எடுத்து ஆராய்ந்தபோது, மயங்கும் தருணத்தில் தசைகளுக்குள் இரத்த ஓட்டம் கூடுவதைக் கண்டு 1944-இல் வெளியிட்டார்கள். இரத்தம் உடலுக்குள்ளேயே இருக்க, மூளைக்கு மட்டும் போதாமல் போகிறது என்பதற்கு அது நல்ல சான்று.

அச்சமும் இதே பாதையில்தான் வேலை செய்கிறது. பாம்பைக் கண்டு பயந்தவருக்கு இதயம் படபடக்குமே தவிர மயக்கம் வருவது அரிது. ஊசியையும் இரத்தத்தையும் கண்டு பயப்படுகிறவருக்கோ அழுத்தம் முதலில் ஏறி, பிறகு சரசரவென்று இறங்குகிறது. வரிசையில் நின்ற அந்த மாணவியர் ஒரு சொட்டு இரத்தம்கூட இழக்காமல் உட்கார்ந்துபோனதற்குக் காரணம் இதுவே. ஒருவர் விழுவதைக் கண்டு அடுத்தடுத்துச் சிலர் விழுவது முகாம் நடத்துகிறவர்கள் எல்லோரும் அறிந்தது. காத்திருப்போர் இருக்கும் இடத்திலிருந்து கட்டில்கள் கண்ணில் படாதபடி ஒரு திரை கட்டினால் போதும். கல்யாண மண்டபத்து வாடகைத் துணியே அதற்கு ஆகும்.

யாருக்கு மயக்கம் வரும் வாய்ப்பு அதிகம் என்பது ஓரளவு முன்கூட்டியே தெரிந்த விஷயம்: வயது குறைந்தவர்கள், முதன்முறை கொடுப்பவர்கள், எடை குறைந்தவர்கள், முன்பு ஒருமுறை மயங்கியவர்கள், சரியாகத் தூங்காதவர்கள், பயந்திருப்பவர்கள். எடையின் கணக்கைப் போட்டுப் பார்த்தால் காரணம் விளங்கும். ஆணின் உடலில் கிலோவுக்கு ஏறக்குறைய 70 மில்லி, பெண்ணின் உடலில் ஏறக்குறைய 65 மில்லி இரத்தம் இருக்கிறது. 70 கிலோ எடையுள்ள ஆணிடம் 4,900 மில்லி. அதில் 350 மில்லி என்பது 7 விழுக்காடு. 45 கிலோ எடையுள்ள பெண்ணிடம் 2,900 மில்லிக்குச் சற்று மேல். அதே 350 மில்லி அவருக்கு 12 விழுக்காடு. இருவரும் ஒரே பையைத்தான் நிரப்புகிறார்கள், ஆனால் இருவருடைய உடலும் சுமப்பது ஒன்றல்ல. எடையைப் படிவத்தில் குத்துமதிப்பாக எழுதிக்கொள்ளாமல், எடைக் கருவியில் ஏற்றிப் பார்க்க வேண்டியது இதனால்தான். வாலாஜாவிலும் ஆம்பூரிலும் தொழிற்சாலை வாசல்களில் நடக்கும் முகாம்களில், 42, 43 கிலோ இருந்துகொண்டு "45 போட்டுக்கோங்க அண்ணா" என்று ஆர்வத்தோடு கேட்கும் தங்கைகளைப் பார்த்திருக்கிறேன். அந்த ஆர்வத்தை மதிப்பது என்றால், அவரைத் திருப்பி அனுப்பி, பதிவு மேசையில் அமர்த்தி அன்றைய முகாமில் பங்கெடுக்க வைப்பதுதான்.

2020 மார்ச்சில் திருத்தப்பட்ட மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் விதிகளின்படி, கொடையாளரின் வயது 18 முதல் 65 வரை இருக்கலாம். முதன்முறை கொடுப்பவர் 60 வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. 350 மில்லிக்குக் குறைந்தது 45 கிலோ எடையும், 450 மில்லிக்கு 55 கிலோவுக்கு மேலும், ஹீமோகுளோபின் 12.5 கிராமும் வேண்டும். ஆண்கள் 90 நாளுக்கு ஒருமுறையும் பெண்கள் 120 நாளுக்கு ஒருமுறையும் கொடுக்கலாம். பட்டினியாக இருப்பவரிடமும், விரதம் இருப்பவரிடமும், போதிய தூக்கமில்லாத இரவுப் பணியாளரிடமும் இரத்தம் எடுக்கக் கூடாது என்பதும் அந்த விதிகளில் உள்ளது. படிவத்தில் பலரும் கண்ணை ஓட்டிவிட்டுக் கையெழுத்துப் போடும் இந்தக் கடைசி வரிகள்தாம் நம் ஊருக்கு மிகவும் முக்கியமானவை.

தேசியத் தன்னார்வ இரத்ததான நாள் அக்டோபர் 1. அது ஒவ்வோர் ஆண்டும் புரட்டாசியில் வருகிறது. புரட்டாசிச் சனிக்கிழமை, கிருத்திகை, நவராத்திரி என்று விரதம் இருப்போர் வேலூர் வட்டாரத்தில் வீட்டுக்கு ஒருவராவது உண்டு. நல்ல நாளில் நல்ல காரியம் என்ற எண்ணத்தோடு வெறும் வயிற்றில் வந்து படுப்பவரிடம், விரதத்தை முடித்துக்கொண்டு இன்னொரு நாள் வாருங்கள் என்று சொல்லத் தயங்கவே கூடாது. ரமலான் மாதத்தில் மேல்விஷாரத்திலும் வாணியம்பாடியிலும் நோன்பு திறந்த கையோடு கொடுக்க முன்வரும் தம்பிகளுக்கும் அதே பதில்தான். பகல் முழுதும் தண்ணீர் இல்லாதிருந்த உடலுக்கு ஒரு டம்ளர் நோன்புக் கஞ்சி ஈடாகாது.

அடுத்தது வெயில். கத்திரி முடிந்த பிறகும் வேலூரின் வெக்கை குறைவதில்லை. ஜூன் 14, உலக இரத்தக் கொடையாளர் நாள், அந்த வெக்கையில்தான் வருகிறது. வெப்பத்தைத் தணிக்கத் தோலிலுள்ள குழாய்கள் ஏற்கெனவே விரிந்திருக்கும். வியர்வையாக நீர் வெளியேறியிருக்கும். அதன்மேல் 350 மில்லியை எடுத்தால், குழாய்கள் சுருங்கிச் சமாளிக்க வேண்டிய நேரத்தில் அவற்றுக்கு இடமிருக்காது. கோடையில் கல்லூரிகள் விடுமுறையில் இருப்பதால் இரத்தத் தட்டுப்பாடு வருவதும் அதே மாதங்களில். எனவே முகாமை நிறுத்துவது தீர்வாகாது. காலை எட்டு மணிக்குத் தொடங்கிப் பதினொன்றுக்குள் முடிப்பதும், தகரக் கூரைக்குப் பதில் ஓட்டுக் கட்டடமோ காற்றோட்டமுள்ள மண்டபமோ பார்ப்பதும், மணிக்கு இத்தனை பேர் என்று நேரம் பிரித்துக் கொடுத்துக் காத்திருப்பைக் குறைப்பதும் நம் கையில் இருக்கின்றன.

வேலூருக்கே உரிய இன்னொரு நிலைமையும் உண்டு. இது மருத்துவமனைகளை நம்பி வெளியூரார் வந்து தங்கும் ஊர். சித்தூரிலிருந்தும், ஜார்க்கண்டிலிருந்தும், வங்காளத்திலிருந்தும் நோயாளியோடு காட்பாடியில் இரயில் இறங்கும் உறவினர்கள், அறுவை சிகிச்சைக்காக இரத்தம் கொடுக்க வரிசையில் நிற்கிறார்கள். இரண்டு இரவு இரயிலில் தூக்கமில்லை; விடுதியில் ஒரு வேளைச் சாப்பாடு; உள்ளே படுத்திருப்பவரைப் பற்றிய கவலை; மொழியும் புரியாது. மயக்கத்துக்கான காரணங்கள் அத்தனையும் ஒருவரிடமே கூடியிருக்கும் நிலை இது. "சாப்பிட்டீர்களா" என்று கேட்டால், எங்கே திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று அஞ்சி, தலையை ஆட்டிவிடுவார்கள். "என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு, நேற்று இரவு எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள்" என்று அவர்கள் மொழியில் கேட்டால்தான் உண்மை வரும். இந்தியும் வங்காளமும் தெரிந்த ஒரு தன்னார்வலர் அந்த மேசையில் இருப்பது எந்தக் கருவியைவிடவும் பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து.

இனித் தண்ணீருக்கு வருவோம். ஊசி போடுவதற்கு ஏறக்குறைய அரை மணி நேரத்துக்கு முன் அரை லிட்டர் வெறும் தண்ணீரை ஒரே மூச்சாகக் குடிப்பது, மயக்கத்தைக் குறைக்கிறது என்று வெளிநாட்டு இரத்த மையங்கள் பலவற்றின் அனுபவமும் ஆய்வும் காட்டியிருக்கின்றன. குடித்த நீர் இரத்தத்தில் சேர்ந்து அளவைக் கூட்டுகிறது என்று நினைப்பது இயல்பு; ஆனால் நடப்பது அது மட்டுமல்ல. குடலில் இறங்கும் வெறும் தண்ணீர் அங்குள்ள உப்பின் செறிவைத் தணிப்பதை உடல் உணர்ந்து, குழாய்களைச் சுருக்கும் பரிவு நரம்புகளைத் தூண்டிவிடுகிறது. சில நிமிடங்களில் தொடங்கும் இந்த விளைவு அரை மணி அளவில் உச்சத்தை அடைந்து, பிறகு மெல்லத் தணிந்துவிடுகிறது. ஆகவே காலையில் வீட்டில் குடித்த தண்ணீர் இந்தக் கணக்கில் சேராது. சர்க்கரை கரைத்த பழச்சாறும் தண்ணீரின் வேலையைச் செய்யாது. பதிவு மேசையில் பெயர் எழுதியதும் கையில் அரை லிட்டர் பாட்டிலைக் கொடுத்து, படிவம் நிரப்பி மருத்துவரைப் பார்ப்பதற்குள் அதை முடிக்கச் சொல்வதே சரியான முறை. நாங்கள் இப்போது காலிப் பாட்டிலைக் காட்டினால்தான் கட்டிலுக்கு அனுப்புகிறோம். கொஞ்சம் கெடுபிடியாகத் தோன்றினாலும் யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

உப்பின் பங்கு வேறு. இரத்தத்தோடு உப்பும் வெளியேறுகிறது. குடித்த நீரை உடலில் தக்கவைக்க உப்பு வேண்டும். முந்தைய இரவும் அன்று காலையும் உப்புச் சேர்ந்த வழக்கமான உணவும், கொடுத்து முடித்ததும் உப்புக்கடலையோ உப்புப் போட்ட மோரோ எடுத்துக்கொள்வது, அடுத்த சில மணி நேரத்துக்குத் துணையாக நிற்கும். காலை உணவு இட்லி, பொங்கல் போன்று வயிற்றுக்கு இதமானதாக இருந்தால் போதும். வயிறு முட்ட பிரியாணி சாப்பிட்டுவிட்டு நேரே கட்டிலில் படுப்பதும் நல்லதல்ல, குமட்டலுக்கு அது வழி செய்யும்.

மூன்றாவது வழிக்குச் செலவே இல்லை. ஊசி, இரத்தம் என்றாலே மயங்குகிறவர்களுக்காக சுவீடன் நாட்டு உளவியலாளர் லார்ஸ்-கோரன் ஓஸ்ட் 1980-களில் தசைகளை இறுக்கும் பயிற்சி ஒன்றை வகுத்தார். பின்னர் அது கொடையாளர்களிடமும் சோதிக்கப்பட்டது. கட்டிலில் படுத்தபடியே ஒரு காலின்மேல் மற்றொரு காலைக் குறுக்காகப் போட்டு, தொடை, பிட்டம், வயிற்றுத் தசைகளை ஐந்து நொடி இறுக்கி, ஐந்து நொடி தளர்த்த வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது, ஊசி போட்ட கையை அசைக்கக் கூடாது. தசை இறுகும்போது காலில் தேங்கிய இரத்தம் இதயத்துக்குத் தள்ளப்படுகிறது. ஊசி எடுக்கப்படும் தருணத்திலும், எழுந்து உட்காரும்போதும் இதைச் செய்வது குறிப்பாகப் பயன்படும். சொல்லிக் கொடுக்க ஒரு நிமிடம் போதும், மனம் வேறொன்றில் ஈடுபடுவதால் பயமும் தணியும். பயமாக இருக்கிறதா என்று வெளிப்படையாகக் கேட்கவும் தயங்க வேண்டாம். கேட்டால் பயம் கூடிவிடும் என்று நாங்களும் முன்பு நினைத்திருந்தோம், அப்படி ஆவதில்லை. கேட்பதால், யார் பக்கத்தில் ஓர் ஆள் நிற்க வேண்டும் என்பது தெரிந்துவிடுகிறது.

அப்படி நிற்கிறவர் பார்க்க வேண்டியது பையை அல்ல, முகத்தை. மயக்கம் அறிவிப்பின்றி வருவது அரிது. உதடு வெளுக்கும், மேலுதட்டிலும் நெற்றியிலும் வியர்வை முத்து முத்தாகப் பூக்கும், கொட்டாவி வரும், காது அடைக்கும், கண் இருட்டிக்கொண்டு வரும், குமட்டும். என் அனுபவத்தில் மிகவும் நம்பத்தக்க அறிகுறி, அதுவரை வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று மௌனமாவது. அந்த நொடியில் செவிலியரைக் கூப்பிட்டால் பெரும்பாலும் நினைவு தப்பும் நிலைக்கே போகாது.

மயக்கம் வந்தேவிட்டால், இரத்தம் எடுப்பதை நிறுத்தி, ஊசியை எடுத்து, தலையைத் தாழ்த்திக் கால்களை உயர்த்திப் படுக்க வைக்க வேண்டும். இறுக்கமான ஆடையைத் தளர்த்திக் காற்று விட வேண்டும். நாடியைப் பார்த்தால் மந்தமாக இருக்கும். அதிக இரத்த இழப்பால் வரும் அதிர்ச்சி நிலையில் நாடி வேகமாக ஓடும் என்பதால், மருத்துவருக்கு இது முக்கியமான வேறுபாடு. அன்று எங்கள் மாணவரைத் தூக்கி உட்கார வைத்ததுதான் நாங்கள் செய்த பெரிய தவறு. மூளைக்கு இரத்தம் போகாத நிலையில் தலையை மேலே நிமிர்த்தினால் பற்றாக்குறை நீடிக்கிறது. கைகால் வெட்டி இழுப்பது அதன் விளைவு. அது காக்கை வலிப்பு அல்ல. படுக்க வைத்தவுடன் நின்றுவிடும். சாவியோ இரும்போ கையில் கொடுப்பதால் எந்தப் பயனும் இல்லை. நினைவு முழுவதும் திரும்பாதவர் வாயில் சோடாவோ தண்ணீரோ ஊற்றினால் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும் ஆபத்து உண்டு.

எல்லாம் நல்லபடியாக முடிந்து வெளியே போனவருக்கும் சில மணி நேரம் கழித்து மயக்கம் வரலாம், பெண்களுக்கு இது கூடுதலாக வருகிறது. பக்கத்தில் ஆள் இல்லாத இடத்தில் விழுவதால் அடிபடும் வாய்ப்பு இதில் அதிகம். ஆகவே ஊசி எடுத்ததும் சில நிமிடம் படுத்திருந்து, பிறகு காலைத் தொங்கவிட்டு ஓரிரு நிமிடம் உட்கார்ந்து, அதன்பின் எழ வேண்டும். சிற்றுண்டி இடத்தில் குறைந்தது கால் மணி நேரமாவது உட்கார வேண்டும். பழச்சாற்றை எடுக்கக் கொடையாளர் நடந்து போகாமல், அது அவர் இருக்கும் இடம் தேடி வர வேண்டும். அன்று முழுவதும் தண்ணீரும் மோரும் நிறையக் குடிப்பது, பேருந்தில் நெடுநேரம் நின்று பயணம் செய்யாமலிருப்பது, வெந்நீர்க் குளியலைத் தவிர்ப்பது, மது அருந்தாமலிருப்பது, மலைக்கோயில் படிகளை மறுநாளுக்குத் தள்ளிவைப்பது, கழிப்பறைக்குப் போனால் தாழ்ப்பாள் போடாமல் வெளியே ஒருவரை நிற்கச் சொல்வது ஆகியவை சின்ன விஷயங்களாகத் தோன்றும்; விழுந்தவர்கள் விழுந்த இடங்களைக் கேட்டால் அவற்றின் அருமை புரியும். கனரக வண்டி ஓட்டுபவரும் உயரத்தில் நின்று வேலை செய்பவரும் அடுத்த பணிக்கு முன் ஒரு முழு நாள் இடைவெளி விட வேண்டும்.

மற்ற பாதிப்புகளில் அடிக்கடி காண்பது ஊசி போட்ட இடத்தில் இரத்தம் கட்டிக் கன்றிப்போவது. முழங்கையை மடக்கிப் பிடித்துக்கொள்ளாமல், கையை நீட்டி வைத்துப் பஞ்சின்மேல் சில நிமிடம் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் தடுக்கலாம்; அன்று அந்தக் கையால் குடம் தூக்க வேண்டாம். ஊசி குத்தியதும் கை நெடுக மின்சாரம் பாய்ந்தது போல வலித்தால் நரம்பில் பட்டிருக்கலாம். இரத்தம் பளிச்சென்ற சிவப்பில் வந்து பை மிக விரைவாக நிறைந்தால் தமனியில் பட்டிருக்கலாம். இரண்டிலும் உடனே சொல்லி ஊசியை எடுக்கச் செய்ய வேண்டும். டெங்கு காலத்தில் இயந்திரம் வழியாகத் தட்டணுக்களை மட்டும் கொடுப்பவர்களுக்கு, உறையாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட் இரத்தத்திலுள்ள கால்சியத்தைப் பிணைத்துக்கொள்வதால் உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் கூச்சமெடுக்கும். சொன்னால் இயந்திரத்தின் வேகத்தைக் குறைத்துக் கால்சியம் மாத்திரை தருவார்கள். அடிக்கடி கொடுப்பவர்களிடம் இரும்புச்சத்துக் குறைவது மெல்ல நடப்பது; தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருப்பதாக ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்லும்போது, 120 நாள் இடைவெளியை ஒரு நாளும் சுருக்கக் கூடாது.

நாட்டளவில் கொடையாளருக்கு நேரும் பாதிப்புகளைத் திரட்டும் திட்டம் 2015 ஜூன் 14 அன்று தொடங்கப்பட்டது. இரத்த மையங்கள் அனுப்பும் தகவல்தான் அதற்கு ஆதாரம். வீட்டுக்குப் போய் விழுந்தவர் அதைத் தெரிவிக்காவிட்டால் அந்தத் தகவல் எங்கும் பதிவாகாது. ஒருமுறை மயங்கியவர் மறுபடி கொடுக்க வரத் தயங்குகிறார் என்பதும் பல நாடுகளில் கண்டறியப்பட்டது. எனவே முகாம் முடிந்த மறுநாள் காலை, கொடுத்த ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைக்கும் வழக்கத்தை நாங்கள் வைத்திருக்கிறோம். இரவு நன்றாகத் தூங்கினீர்களா, எழுந்தபோது தலைசுற்றியதா, கை கன்றியிருக்கிறதா என்று மூன்று கேள்விகள். தலைசுற்றியது என்றால், எத்தனை மணிக்கு, அப்போது என்ன செய்துகொண்டிருந்தார், அதற்குமுன் என்ன சாப்பிட்டிருந்தார் என்பதைக் குறித்து இரத்த மையத்துக்கு அனுப்புகிறோம். அடுத்த முறை அவர் வரும்போது மருத்துவர் முதலில் பார்ப்பது அந்தக் குறிப்பைத்தான்.